கியர்பாக்ஸுக்காக அடித்துக்கொண்டது

ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஊளையிட்டது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. காலை அழுத்த அழுத்த 'ஊய்ங்' என்று ஆரம்பித்து, பல் டாக்டரின் மிஷின் போல ஏறிக்கொண்டே போகும். பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு சவாரிக்கு எத்தனை தடவை மிதிக்க வேண்டியிருக்கிறது? அத்தனை தடவையும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

வண்டி எனக்கும் என் தங்கச்சி புருஷனுக்கும் பொது. நீலசந்திராவில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறோம். பகலில் நான் வாடகைக்கு ஓட்டுவேன். ராத்திரி ஹெப்பகோடி பக்கம் கம்பெனி ஷிஃப்ட்டுக்கு அவர் ஆள் ஏற்றுவார். என்னைவிடச் சின்னவர்தான். மாப்பிள்ளை ஆயிற்றே என்று வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அந்த மரியாதையெல்லாம் இந்தச் சத்தம் வரும்வரைதான்.

கியர்பாக்ஸ் போய்விட்டது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. கிளட்ச்சில் காலை வைத்தபடியே ஓட்டி அவர்தான் கெடுத்தார் என்று நான். மேட்டில் கியரைக் குறைக்காமல் இழுத்து நான்தான் கெடுத்தேன் என்று அவர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதில் யார் மாமியார் என்பதுதான் தகராறு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பேச்சு முற்றி, அவர் தட்டைத் தூக்கி எறிந்தார். குழம்பு சுவரில் வழிந்தது.

"நாளைக்கு மெக்கானிக் கியர்பாக்ஸுன்னு சொல்லட்டும். வண்டியை வித்துட்டு அவங்கவங்க வழிய பார்க்கலாம். அப்புறம் இந்த வீட்டுப் படியை நானும் மிதிக்க மாட்டேன், இவளும் மிதிக்க மாட்டா."

சொன்னால் செய்கிற ஆள். தங்கச்சி சுவரைத் துடைத்தாள். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்து, "கியர்பாக்ஸா மட்டும் இருக்கக் கூடாதுண்ணா" என்றாள். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை இரண்டு பேரும் சேர்ந்தே ஒர்க்‌ஷாப் போனோம். ஒருத்தன் தனியாகப் போய் மெக்கானிக்கிடம் கதை கட்டிவிடுவான் என்று மற்றவனுக்குப் பயம். மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்தபடி, "யாரு ஓட்டினது இதை?" என்று கேட்டார். அது போதுமாக இருந்தது.

"இந்த நாய்தான்" என்றேன். அதோடு விடாமல் அவருடைய அம்மாவையும் இழுத்தேன்.

என் இடது காதில் அறை விழுந்தது. விரித்த கை, முழு பலம். தரை சாய்ந்தது. நான் அவர் காலரைப் பிடித்து முகத்தைக் கார் கதவில் மோதினேன். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். அவர் குனிந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். கையில் கிடைத்த ஜாக்கி ராடை நான் எடுத்தேன். கொன்றிருப்போம். சும்மா சொல்லவில்லை, அந்த நிமிஷம் எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது.

பாய் ஒரு பக்கெட் எண்ணெய்த் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினார். "சாவறதுன்னா வெளிய போய் சாவுங்கய்யா. நான் இன்னும் வண்டியையே பார்க்கல."

என்னை உள்ளே உட்காரவைத்து, வண்டி நின்ற இடத்திலேயே கிளட்ச்சை முழுசாக மிதித்து ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னார். ஊளை அப்படியே கேட்டது. "கியர்பாக்ஸா இருந்தா, கிளட்ச் மிதிச்சா அடங்கணும். இது முன்னாடி பெல்ட் பக்கம்." பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நொடி ஓட்டிப் பார்த்தார். "இப்போ இல்ல பாருங்க" என்றார். பிறகு பெல்ட் ஓடுகிற உருளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றினார். ஒன்று மட்டும் மணல் போட்டது போல நறநறவென்று சுற்றியது. பிளேடால் அதன் இடுக்கைக் கீறி எதையோ உருவினார்.

சிவப்பு நைலான் நூல். நுனியில் காய்ந்த சாமந்தி ஒட்டியிருந்தது.

ஆயுத பூஜைக்குத் தங்கச்சி கட்டிப் போட்ட மாலை. பூஜை மாலையை நாங்கள் கையால் கழற்ற மாட்டோம், காய்ந்து தானாக விழ வேண்டும். பூவெல்லாம் உதிர்ந்த பிறகும் நூல் முன்பக்கம் ஆடிக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் தினமும் பார்த்தோம். அது உள்ளே போய் உருளையில் சுற்றி, பேரிங்கைத் தின்றிருக்கிறது. மாப்பிள்ளை நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அவளுக்குத் தெரிய வேணாம் மச்சான்" என்றார். நான் தலையாட்டினேன்.

புது உருளை மாட்டி, பாய் வண்டியைக் கிளப்பி ஆக்சிலேட்டரை அழுத்தினார். மாப்பிள்ளை வீங்கிய உதட்டோடு சிரித்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

எனக்கு அந்த ஊய்ங் கேட்டுக்கொண்டே இருந்தது. பாய் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். அப்போதும் கேட்டது. இடது காதைப் பொத்திப் பார்த்தேன். உள்ளேதான் கேட்டது.

எங்கள் வீட்டு வாசலிலேயே தங்கச்சி நின்றிருந்தாள். புருஷன் உதட்டையும் என் கன்னத்தையும் பார்த்தாள். யார் யாரை அடித்தது என்று கேட்கவில்லை. என் இடப்பக்கம் வந்து ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தேன்.

"சத்தம் போயிடுச்சாண்ணா?"

அவள் பின்னால் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வீட்டுப் படியில் காலை வைத்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சும்மா" என்றேன்.