மூன்று வரிசைக் கெம்பு

"பார்வை இருக்கிறவரைக்கும் எல்லாத்தையும் பார்த்துக்கோங்கம்மா" என்று கண் டாக்டர் என் மனைவியிடம் சொல்லியிருந்தார். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வாடிக்கொண்டே வருகிறதாம். கண்ணாடி போட்டாலும் ஆகாது, ஆபரேஷன் செய்தாலும் ஆகாது. அந்த மனுஷன் ஆறுதலுக்குச் சொன்னதை இவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பழைய காலத்து நகைகளைப் பார்க்க வேண்டும் என்றாள். கோயிலோ கடலோ கேட்டிருக்கலாம். நகைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள் வேன் பிடித்து, பூந்தமல்லி தாண்டி ஒரு பங்களாவுக்குப் போனார்கள். யாரோ பணக்காரர் சேர்த்துவைத்த பழைய நகைகள் அங்கே இருந்தன. விளக்கிச் சொல்ல ஒரு பெண்ணும் உண்டு. துணைக்கு நானும் ஒட்டிக்கொண்டேன். இவள் தடவித் தடவி ஏறுவதற்குள் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே, ஏறவே இம்மா நேரம்னா எப்ப போய்ச் சேர்றது?"

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உள்ளே ஒரே இருட்டு. நகைகளின் மேல் மட்டும் விளக்கு. இவளுக்கு ஆகவே ஆகாத ஏற்பாடு. கூட்டம் அந்தப் பெண்ணின் பின்னால் நகர்ந்துவிட்டது. இவள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கு உரச நின்று, "எப்படி இருக்கு, சொல்லுங்களேன்" என்றாள். டாங்கித் தொழிற்சாலையில் ஆயுசைக் கழித்தவன் நான்.

"ரவுண்டா இருக்கு. சுத்திலும் கியர் மாதிரி பல்லு பல்லா..."

"ஐயோ, அது ராக்கொடிங்க. தலையில வைக்கிறது!"

அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அடுத்த பெட்டி காலி. நகையைச் சுத்தம் செய்ய எடுத்துப் போயிருப்பதாக ஓர் அட்டை. விளக்கின் கீழே சிவப்பு வெல்வெட் துணி மட்டும் விரிந்து கிடந்தது. அங்கேதான் இவள் அதிக நேரம் நின்றாள்.

"எம்மாடி, என்ன சிவப்பு! எல்லாம் கெம்புக் கல்லுதானே?" முகமெல்லாம் பூரிப்பு.

"ஆமா. மூணு வரிசை" என்றேன்.

திரும்பும்போது வேனில் பின்சீட்டு அம்மாள், "காலிப் பெட்டிக்கு எதுக்கு லைட்டு? வெறும் சிவப்புத் துணியைப் பார்க்கவா வந்தோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவள் என் கையிலிருந்து தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இனிமே நீங்க சொல்றதுதாங்க எனக்குப் பார்வை. அதுலயும் பொய் சொன்னா நான் எங்க போறது?"

அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே பருத்திப்பட்டு ஏரி முழுக்க மாலை வெயில் தகதகத்துக்கொண்டிருந்தது.

"ஏரி வந்துடுச்சா?" என்று கேட்டாள்.