கொம்பை மட்டும் பார்த்தவர்

இசக்கிதுரைக்குப் போலீஸ் உத்தியோகம் முடிந்தும் போலீஸ் கண் போகவில்லை. ஏட்டாக ஓய்வு பெற்று, வடகரையில் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்புக்கு வந்த மனிதர், அணிலைக்கூட அங்க அடையாளம் பார்த்துத்தான் விரட்டுவார். ஊர் சிரிக்கும். அவருக்கு அதிலும் ஒரு பெருமை.

சிரிப்பெல்லாம் யானை இறங்கும்வரைதான். மலையிலிருந்து வந்த கூட்டம் பாதித் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. மிச்சத் தென்னைகளையும், மனைவி வள்ளித்தாய் கன்றிலிருந்து வளர்த்த சினைமாடு செவலையையும் நம்பித்தான் இனிக் குடும்பம்.

யானைகள் போட்டுப்போன சாணப் பிண்டத்தை வாரி எருக்குழியில் கொட்டியபோது, கட்டைவிரல் தடிமனில் கறுத்த வண்டுகள் ஊர்ந்தன. தலையில் கொம்பு. தென்னங்குருத்தைக் குடைந்து மரத்தையே சாகடிக்கிற காண்டாமிருக வண்டுக்கும் தலையில் கொம்புதான். அதுவும் எருக்குழியில்தான் முட்டையிடும். ஏட்டய்யாவுக்கு இந்த இரண்டு சாட்சி போதாதா?

"ஏட்டி, ஆளு சிக்கிட்டான்!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"யாருகிட்டயாவது காட்டிக் கேளுங்க. குழிக்குக் கீழதான் மாடு தண்ணி குடிக்குது," என்றாள் வள்ளித்தாய்.

"எத்தனை பேரைப் புடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதாக்கும்!"

குழி முழுக்கப் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைத் தூவினார். அன்றைக்கே சாரல் வலுத்து, மருந்து கரைந்து கீழே வாய்க்காலில் இறங்கியது. மறுநாள் செவலை நுரை தள்ளிக் கிடந்தது. மாட்டு டாக்டர் வருமுன்பே உயிர் போய்விட்டது. வயிற்றுக்குள் கன்று மட்டும் கொஞ்ச நேரம் துடித்தது. வள்ளித்தாய் அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. பாவி மனிதர், என்ன சொல்லித் தேற்றுவார்!

யானைச் சேதத்தைப் பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் ஆனந்தவள்ளி, செத்த வண்டு ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது தென்னையைத் தொடாதே! தலையோட முன்பக்கம் மண்வெட்டி மாதிரி தட்டையா இருக்கு பாருங்க, வாய் அதுக்கடியில மறைஞ்சிருக்கு. தென்னை வண்டு நீளமா இருக்கும், அடியில செம்பட்டை முடி இருக்கும். இது அகலக்கட்டை. சாணி வண்டுல ஹீலியோகோப்ரிஸ்னு ஒரு பேரினம். யானைப் பிண்டத்தை மண்ணுக்குள்ள கொண்டுபோய்ப் புதைக்கும், தோப்புக்கு உரம்லா. இதுல பொட்டைக்குக் கொம்பே கிடையாது."

இசக்கிதுரை குனிந்து பார்த்தார். செத்துக் கிடந்ததில் பாதிக்குக் கொம்பில்லை. அன்றைக்கு அது அவர் கண்ணில் படவே இல்லை.

"கொம்பைத்தான் பாத்தேன்," என்றார்.

வள்ளித்தாய் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செவலைக்குந்தான் கொம்பு இருந்துச்சு," என்றாள்.