பாதி மூட்டு போதும் என்று கேட்ட நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்தது இது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே எலும்பு டாக்டரிடம் என் மகன் என்னை அழைத்துப் போனான்.

முட்டிவலி எனக்குப் புதிதல்ல. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சுக்கு கோடவுனில் வேலை பார்த்தவள் நான். ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைக் குத்துக்கால் வைத்து, பொழுதுக்கும் தரையில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிக்க வேண்டும். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் முட்டி போனது. அதற்காக யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்?

நான் போனது என் வீட்டுக்காரருக்காக. அவர் கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. முதலில் கட்டிலில்தான் படுக்க வைத்தோம். ஒரு நாள் உருண்டு கீழே விழுந்தார். அதற்குப் பிறகு கட்டில் என்றாலே அவருக்கு நடுக்கம். சட்டத்தைப் பிடித்த கையை விடமாட்டார், கண் மூடமாட்டார். தரையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்த பிறகுதான் தூங்கினார்.

மூன்று வேளையும் நான் அவர் பக்கத்தில் தரையில் உட்காருவேன். தலையைத் தூக்கி என் தொடையில் சாய்த்துக்கொண்டு கஞ்சி கொடுப்பேன். அப்படிக் கொடுத்தால்தான் புரையேறாது. மகனும் மருமகளும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் வாயே திறக்கமாட்டார்.

"ஏன் மாமா, அத்தை கையில மட்டும் தேனா ஒழுகுது?" என்று மருமகள் கேட்பாள். அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

நாளாக ஆக எனக்கு உட்காருவது மட்டும் முடிந்தது. எழுந்திருக்க, கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, படாத பாடு. ஒரு தடவை எழும்போது முட்டி திடீரென்று நழுவி, அவர் மேலேயே விழப் பார்த்தேன். எப்படியோ சுவரில் சாய்ந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்தில் சுள்ளிக்கல்லிலிருந்து வந்த ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நம்ம ஆள்தான், தமிழ் பேசினாள். புடவையை லேசாகத் தூக்கித் தழும்பைக் காட்டினாள்.

"எனக்குப் பாதி மூட்டுதான் மாத்தினாங்க சேச்சி. உள்பக்கம் தேஞ்ச இடத்துக்கு மட்டும் ஸ்டீல். பாக்கியெல்லாம் என் சொந்த எலும்பு. இப்பவும் தரையில உக்காந்துதான் மீன் நறுக்கறேன்."

"முழுசா மாத்தினா உக்கார முடியாதா?"

"என் நாத்தனாருக்கு முழுசு. தரையில உக்காரவே கூடாதுன்னுட்டாங்க. அவ தரையைத் தொட்டு எத்தனை காலமாச்சு! கீழ விழுந்த சாவியை எடுக்கக்கூட ஆளைக் கூப்பிடறா."

அவள் சிரித்தாள். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பாதிதான் வேண்டும்.

இங்கே கோடவுனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காலையில் கேட் திறக்கும்போது மேஸ்திரி ஓரமாக நின்றுகொண்டு, நாங்கள் நடந்து வருவதைப் பார்ப்பார். எவளாவது காலை இழுத்து நடந்தால், "நீ நாளைக்கு வா" என்பார். நாளைக்குப் போனாலும் அதையேதான் சொல்வார். அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு நடை உண்டு. தலைப்பை இழுத்துச் செருகி, பல்லைக் கடித்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கேட்டிலிருந்து நம் இடம் வரைக்கும் நேராகப் போய்விட வேண்டும். டாக்டரின் அறைக்குள் நான் அந்த நடைதான் நடந்தேன்.

டாக்டர் மலையாளத்தில்தான் பேசினார். எங்களுக்கு அதுவும் சொந்தப் பேச்சு மாதிரிதான். நான் நடந்து வந்ததைப் பார்த்து, "கொள்ளாம், அம்மா நல்லா நடக்கறாங்களே" என்றார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். உள்பக்கம் எலும்பும் எலும்பும் ஒட்டிக் கிடந்தது. வெளிப்பக்கம் இடைவெளி நன்றாக இருந்தது.

"பாதி மாத்தினா போதும்னு தோணுது. ஆனா முட்டிக்கு உள்ள ஒரு நார் இருக்கு. மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் இழுத்துப் பிடிச்சிருக்கிறது அதுதான். அது நல்லா இருந்தாதான் பாதி நிக்கும்."

படுக்கச் சொல்லி, காலை மடக்கிப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "காலை லூசா விடுங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்பிள்ளை முன்னால் நான் எப்படி விடுவேன்? கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. அவர் அழுத்தும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

"வலி உண்டா?"

"இல்ல."

"நடக்கறப்ப நழுவுதா?"

"இல்ல."

"சரி, பாதியே செய்யலாம். கீழ பிசியோதெரபியில ஒரு தடவை காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் தேதி வைப்போம்" என்றார்.

மகன் மருந்துக் கடைப் பக்கம் போயிருந்தான். லிஃப்டில் ஒரே கூட்டம். நான் படியில் இறங்கினேன். முட்டி மோசமாக இருந்தால் முன்பக்கமாக இறங்க முடியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். யாருமில்லை என்று நினைத்து அப்படித்தான் இறங்கினேன். கீழே ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல யாரையாவது விட்டுட்டு வந்தீங்களாம்மா? அங்கயே பார்த்துக்கிட்டு இறங்கறீங்க!"

"எனக்கு இதான் பழக்கம்" என்றேன்.

அவள்தான் பிசியோதெரபிக்காரி. பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "முட்டி உறுதியா இருக்கு, நல்லா நடக்கறாங்கன்னு எழுதியிருக்காரு. அவர்கிட்ட கல்யாணப் பொண்ணு மாதிரி நடந்துட்டு, இங்க நண்டு மாதிரி இறங்கறீங்க. பெரிய ஆளுதான்!"

திரையை இழுத்து மூடினாள். என் காலை மடக்கி வைத்து, காலடி நகராமல் அதை அணைத்தபடி கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். முட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு என்ன சமையல், வீட்டில் யார் யார் என்று கேட்டாள். நான் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். கஞ்சி கொடுப்பதைச் சொன்னேன், அவர் ஒரு பக்கமாகச் சிரிப்பதைச் சொன்னேன். பேச்சு மும்முரத்தில் கால் தளர்ந்தது எனக்கே தெரியவில்லை.

அவள் இரண்டு கையாலும் முட்டிக்குக் கீழே பிடித்து இழுத்தாள். மேசை இழுப்பறை வெளியே வருகிற மாதிரி, என் கால் எலும்பு முன்னால் வந்தது.

வலிக்கவில்லை. வலிக்காமல் அது பாட்டுக்கு வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மற்றக் காலை இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. மறுபடி இந்தக் காலை இழுத்தாள். மறுபடியும் வந்தது. அவள் முகத்தில் இருந்த கேலியெல்லாம் போய்விட்டது.

"எப்பவாவது விழுந்தீங்களாம்மா?"

விழுந்திருக்கிறேன். கோடவுனில் தண்ணீர் ஒழுகிய தரையில் வழுக்கி, முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் கேட்டுக்குள் நடந்து போனேன். அப்போதே அந்த நார் போயிருக்க வேண்டும்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் நான் கெஞ்சியவள் இல்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

"மோளே, இதை எழுதாத. எனக்குப் பாதி போதும். நான் தரையில உக்காரணும்."

அவள் என் கையை விலக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"எழுந்திருக்கறப்ப முட்டி நழுவினதுண்டா?"

"ஒரு தடவை."

"அப்ப மாமா எங்க இருந்தாரு?"

"என் கால்கிட்ட."

"இந்த நார் இல்லாம பாதியை வெச்சா, அது ஆடும். ஆடி ஆடிக் கழண்டுபோகும். நீங்க மறுபடி விழுவீங்க. அவரால நகர்ந்து படுக்க முடியுமா?"

திரைக்கு அந்தப்பக்கம் யாரோ சாயா கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நான் காலை நீட்டி, புடவையைச் சரி செய்தேன்.

"எழுதிக்கோ" என்றேன்.

டாக்டர் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். இந்தத் தடவை அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்றாள். நான் காலை விட்டுக் கொடுத்தேன். முழு மூட்டுதான் மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு தரையில் உட்கார வேண்டாம் என்றார். அவர் கோபப்படவில்லை. மகனுக்குத்தான் கோபம். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா குறைஞ்சுபோயிடும் உனக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மருமகள் எப்படியோ அவருக்கு ஊட்டியிருக்கிறாள். பாதி உள்ளே, பாதி வெளியே. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கண் விரிந்தது. இடது கையால் மெத்தையைத் தட்டினார். நான் வழக்கமாக உட்காருகிற இடம் அது.

"உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

மறுபடியும் தட்டினார். எத்தனை விதமாகச் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. நான் வேண்டுமென்றே நிற்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்து, அவரை ஏற்றிப் படுக்க வைத்தோம். நான் நாற்காலி போட்டு ஊட்டினேன். கை எட்டியது, தலையணையால் தலையும் உயர்ந்தது, எல்லாம் முறைப்படி இருந்தது. ஆனால் அவர் சட்டத்தைப் பிடித்த கையை விடவில்லை. சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

கூடத்தில் தரையில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நாற்காலியில். "புருஷன் கீழ கிடக்கறான், இவ மேல உக்காந்திருக்கா பாரு" என்று ஒருத்தி முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போட மருமகள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். குனிந்தேன். அவர் முகம் வரைக்கும் என் கை எட்டவில்லை. அரிசி அவர் நெஞ்சில் விழுந்தது. மருமகள்தான் அதைத் திரட்டி வாயில் வைத்தாள்.

என் முட்டி இப்போது உறுதியாக இருக்கிறது. பஜாருக்குத் தனியாகப் போய் வருகிறேன், படியில் முன்பக்கமாக இறங்குகிறேன். டாக்டர் சொன்னது சரி, அந்தப் பெண் செய்ததும் சரி, நான் ஒத்துக்கொண்டதும் சரி. சரியென்று தெரிந்தே செய்த ஒன்றுக்காக ஒருத்தி இத்தனை காலம் அழ முடியும் என்பது மட்டும் அதற்கு முன்பு எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் இல்லாத பகல் நேரங்களில் இன்றும் அழுகிறேன்.