ஹம் நகரத் தேரும் ஒரு கோப்பை மோரும்

ஐந்து பேர் சேர்ந்தால் ஒரே சீட்டில் நாடு முழுக்கப் போய் வரலாம் என்று ஜெர்மன் ரயில்வே வார இறுதிக்கு ஒரு சீட்டு விற்கிறது. விரைவு ரயிலில் ஏற முடியாது, ஊர் ஊராக நின்று போகும் வண்டிதான். ஆனால் ஆளுக்கு ஏழு யூரோ கூட ஆகாது. 2006 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராங்க்பர்ட்டிலிருந்து ஹம் நகரத்துக்கு நான் போனதற்கு முதல் காரணம் இந்தச் சீட்டுதான். எங்கள் தமிழ் ஜெபக்குழுவில் நான்கு பேர் தேறியிருந்தார்கள், ஐந்தாவது ஆள் வேண்டியிருந்தது. நான் சபைக்குப் போவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கடவுள் கேட்கிறாரா என்ற சந்தேகம் ஒரு பக்கம், கேட்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் மீது எரிச்சல் ஒரு பக்கம்.

இரண்டாவது காரணம் ரஞ்சினி அக்கா. ஹம்மில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண். முந்தைய ஆண்டு ஈஸ்டர் முகாமில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். ஹம்மின் ஓரத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஈழத்தமிழர்கள் ஓர் அம்மன் கோயில் கட்டியிருக்கிறார்கள். அதன் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் சனம் வருகிறது. கிறிஸ்தவராகிவிட்ட அக்கா, ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேர் போகும் வழியில் மேசை போட்டு மோரும் ஊறுகாய்த் தண்ணீரும் கொடுக்கிறார். ஊறுகாய்த் தண்ணீர் என்றால் உப்பிட்டு உலர்த்திய எலுமிச்சையைக் கரைத்த தண்ணீர். வெயிலுக்கு அதைப் போல ஒன்றும் இல்லை. இந்த ஆண்டு ஊற்றிக் கொடுக்க ஆள் வேண்டும், வர முடியுமா என்று குழுவிடம் கேட்டிருந்தார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கு வண்டி புறப்பட்டது. ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். கீசன் தாண்டியதும் மலையும் காடும். கால்பந்து உலகக் கோப்பைக்காக வீட்டு மாடிகளில் கட்டிய கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஸீகனில் வண்டி மாற வேண்டும். நடைமேடையில் ஒன்று எண்பது யூரோவுக்கு ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினோம். அங்கேதான் எங்கள் குழுத் தலைவர் பிரதர் எட்வின் தம் பையைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாகக் கைப்பிரதிகள்.

எட்வின் சென்னைக்காரர், ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் மேலாளர். எதையும் திட்டமிட்டுத்தான் செய்வார். பிரதியின் அட்டையில் ‘உங்கள் தாகத்தைத் தீர்ப்பவர் யார்?’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே முதல் பக்கம் பரவாயில்லை. இரண்டாம் பக்கத்தில் கல்லையும் மண்ணையும் கும்பிடுகிறவர்களே என்று தொடங்கி வசை. அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

“தெரிய வேண்டாம் சிஸ்டர், அவங்க கொஞ்சம் பயந்த சுபாவம். இவ்ளோ பெரிய கூட்டம் நமக்கு வேற எங்க கிடைக்கும்? இது கர்த்தர் திறந்து வெச்ச ஓப்பன் டோர்” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் நம்மைக் கூப்பிட்டது மோர் ஊற்ற, இதைச் செய்வதானால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன். ஹாகனில் அடுத்த வண்டி மாறும்வரை வாக்குவாதம். மற்ற மூவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், அக்காவின் மேசைப் பக்கமே கொண்டுவர மாட்டேன், தூரத்தில் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் கொடுப்பேன் என்று எட்வின் வாக்குக் கொடுத்தார். நானும் நம்பினேன்.

பத்தரை மணிக்கு ஹம். நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகும் பேருந்தில் பட்டுச் சேலைகளுக்கும் மல்லிகைக்கும் நடுவே மூச்சு விட இடமில்லை. ஓட்டுநர் ஜெர்மன்காரர். உச்சந்தலை வியர்க்க, “அம்மன்?” என்று தமிழில் கேட்டுச் சிரித்தார். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லக்கூட அவசியம் இருக்கவில்லை.

பழைய கார் விற்கும் ஒருவரின் முற்றத்தில் அக்காவின் மேசை. அந்த மனிதர் ஆண்டுதோறும் இடமும் தம் குழாயிலிருந்து தண்ணீரும் தருகிறார். அக்கா ஐம்பதைத் தொடும் வயது, பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. நான்கு பெரிய வாளிகளில் மோர். வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“தங்கச்சி, அண்ணை இண்டைக்கு வாறாராம். மச்சாள் ராத்திரி போன் எடுத்தவ. காவடியை இறக்கிப்போட்டு என்ர கையால மோர் குடிக்கிறன் எண்டு சொன்னவராம்.”

அண்ணனின் மனைவியை அவர்கள் மச்சாள் என்பார்கள். அண்ணன் பெயர் சிவம், அதே நகரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அக்காவின் கணவர் புற்றுநோயில் கிடந்த ஆண்டில், பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவி ஒருத்தி வாரந்தோறும் ஒரு சட்டி சூப் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். உப்பே இருக்காதாம். ஒரு காகிதம் தந்ததில்லை, ஒரு பிரசங்கம் செய்ததில்லை. கணவர் இறந்து ஓராண்டு கழித்து, நீ ஏன் இதையெல்லாம் செய்தாய் என்று அக்காவே கேட்டிருக்கிறார். அக்காவின் விசுவாசம் அப்படித்தான் தொடங்கியது. ஞானஸ்நானம் எடுத்த அன்று அண்ணன் பேச்சை நிறுத்தினார். ஆறு ஆண்டுகள். அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு, கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாராம். அக்காவுக்கு இந்த நாட்டில் வேறு உடன்பிறப்பு கிடையாது.

தேர் பன்னிரண்டு மணியளவில் எங்களைக் கடந்தது. வெறுங்காலோடு வடம் பிடித்தவர்கள், கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், தவில், நாதசுரம், வேலிக்கு அந்தப் பக்கம் கேமராவும் கையுமாக ஜெர்மன்காரர்கள். மேசைக்கு வந்து குடித்தவர்கள் ஏராளம். வராதவர்களும் உண்டு. அந்த மோரில் ஜெபம் பண்ணியிருக்கிறாள் என்று ஒரு பெண் தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப்போனது என் காதிலேயே விழுந்தது. எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. விக்கிரகத் திருவிழாவுக்கு மோர் ஊற்றுகிறாள் என்று எங்கள் குழுவிலேயே இரண்டு குடும்பங்கள் அந்த ஈஸ்டர் முகாமின் திருவிருந்தில் அக்காவோடு அப்பம் பிட்க மறுத்திருந்தன. இரு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு அந்தப் பெண் கோப்பை கோப்பையாக நிரப்பிக்கொண்டிருந்தார். மனிதர்களைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன்.

ஊறுகாய்த் தண்ணீர் வாளி காலியானது. கார் கடைக்காரரின் குழாய் முற்றத்தின் பின்புறம் இருந்தது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனோம். வரிசையில் நிற்பவர்களை எங்கள் குழுவின் மூவர் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் இருக்க வேண்டிய எட்வின் மேசைக்குப் பின்னால் நின்றார். ஒரு கையில் கோப்பை, மறுகையில் கைப்பிரதி. கோப்பைக்கு அடியில் பிரதியை மடித்துச் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் குடித்து முடித்த பிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தார்கள். ஒருவர் வாசித்துவிட்டுக் கோப்பையைத் தரையில் எறிந்தார். கோயில் தொண்டர் ஒருவர் வந்து, “அக்கா, தண்ணியைக் குடுங்கோ, நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. இதைக் குடுக்க வேண்டாம்” என்று மரியாதையாகவே சொன்னார். அக்காவுக்கு விஷயம் புரியவே சற்று நேரமானது. புரிந்ததும் மேசையில் கிடந்த பிரதிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எட்வினின் பைக்குள் திணித்தார். எட்வினைக் கண்டபடி பேசினேன். வாக்குக் கொடுத்தீர்களே என்றேன். பரிசுத்த ஆவியானவர் ஏவினார் என்றார். தம் பேச்சு மாறிய பழியைக் கடவுள் தலையில் போட இவருக்கு எவ்வளவு துணிச்சல்!

அக்கா மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றத் தொடங்கினார். வரிசை மெலிந்துபோயிருந்தது.

ஒன்றரை மணிக்குச் சிவம் அண்ணன் வந்தார். மார்பெல்லாம் திருநீறு, தோளில் காவடி அழுத்திய தடம், பின்னால் மச்சாள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமும் கூடவே வந்தது. அக்கா கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். நான் மூச்சை விட்டேன். அப்போது அவர் இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்தார். அதே பிரதி.

“இது உன்ர வேலையோ?”

“இல்லை அண்ணை. எனக்குத் தெரியாமல் நடந்தது.”

அவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். முகம் சற்று இளகியது. ஆனால் சுற்றி நின்ற சனம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்ப, இதெல்லாம் இனி வேண்டாமெண்டு இந்தச் சனத்துக்கு முன்னால ஒரு சொல்லுச் சொல்லு. நான் குடிக்கிறன்.”

ஒரு சொல். சொல்லியிருந்தால் ஆறு ஆண்டுப் பகை அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பாளையங்கோட்டையில் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவளாகப் பிறந்தவள் நான், எந்தக் கேள்வியும் என்னிடம் இந்த விலை கேட்டதில்லை.

அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். “தாகத்தில வந்தவையின்ர கையில இதைத் திணிச்சது பிழை. அதுக்கு எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். கல்லு மண்ணெண்டு எழுதின சொல்லு என்ர வாயில வராது. ஆனா யேசுவை நான் நம்பிறன் அண்ணை. வேண்டாமெண்டு சொல்லி உங்களுக்கு மோர் தர ஏலாது.”

அண்ணன் கோப்பையை மேசைமேல் வைத்தார். எறியவில்லை. ஒரு சொட்டுக் கூடச் சிந்தாமல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். மச்சாள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடியே அவர் பின்னால் போனார்.

கூட்டம் கலைந்ததும் எட்வின் கண் கலங்கி வந்தார். “என்ன ஒரு சாட்சி சிஸ்டர்! ஊர் முன்னாடி அறிக்கை பண்ணிட்டீங்க. இதுக்குத்தான் கர்த்தர் நம்மள இங்க கொண்டு வந்தார்” என்றார். அடித்தே விடுவேன் என்று பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, உங்கட ட்ரெயின் எத்தினை மணிக்கு?”

அவர் கரிசனமாகக் கேட்கிறார் என்று எண்ணிய எட்வின், நாலே முக்கால் என்றார்.

“அதுக்குப் பிறகும் நான் இஞ்சதான் இருக்க வேணும்.”

அதற்கும் எட்வின் ஆமென் என்றார்.

நாலே முக்கால் வண்டியில் நான்கு பேர் போனார்கள். நான் போகவில்லை. ஐந்தாவது ஆள் இல்லாவிட்டாலும் அந்தச் சீட்டு செல்லும். கடைசி வாளி தீரும்வரை நானும் அக்காவும் ஊற்றினோம். அண்ணன் வைத்துப்போன கோப்பையை அக்கா கொட்டவும் இல்லை, வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இவ்வளவும் நடந்த பிறகு ஜெபிக்கத் தோன்றுகிறதா என்று கேட்டேன். காலையிலிருந்து கடவுளோடு சண்டைதான் பிடிக்கிறேன், அதுவும் கதைப்பதுதானே என்றார். என் சந்தேகத்துக்கு யாரும் இதுவரை தந்த பதில்களில் என்னைக் கோபப்படுத்தாதது அது ஒன்றுதான்.

ஆறரை மணிக்கு மேசையை மடக்கிக்கொண்டிருந்தபோது மச்சாள் வந்தார். தனியாக. ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. வாளியின் அடியில் மிச்சமிருந்த மோரை வடித்து, போத்தலின் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கிக் கொடுத்தார். மச்சாள் அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு கோயில் பக்கம் விரைந்தார். அண்ணனுக்கா என்று நான் கேட்டதற்கு அக்கா, “ஆருக்கெண்டு தெரியாது. தாகமெண்டா குடிக்கட்டும்” என்றார்.

அறுபது யூரோவுக்கு மேல் கொடுத்துத் தனிச் சீட்டு எடுத்து விரைவு வண்டியில் திரும்பினேன். எங்கள் ஊரில் தேவாலயத் திருவிழா அன்று தெருவில் பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார்கள். வாங்கிக் குடிக்கிறவன் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. கொடுக்கிறவனுக்கும் அதனால் எந்த இழப்பும் இல்லை. அதை விசுவாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மறுவாரம் பல மாதங்களுக்குப் பிறகு சபைக்குப் போனேன். எட்வின் அங்கே ஹம் ஊழியத்தைப் பற்றிப் பேசினார். ரஞ்சினி அக்காவின் தைரியத்துக்காக எல்லாரையும் கை தட்டச் சொன்னார், தட்டினார்கள். நான் எழுந்து, அந்த அண்ணனை அவரிடமிருந்து மறுபடி பிரித்தது நாம்தான், அதற்கும் சேர்த்துத் தட்டுங்கள் என்றேன். போத்தலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார். இன்று உங்களுக்காக எழுதிவிட்டேன். எட்வினும் வாசித்தால் வாசிக்கட்டும், கை மட்டும் தட்ட வேண்டாம்.