ஸ்வல்ப தெரியறது

மழை வந்ததும் விஜயநகர் வீட்டு டிவி முழுக்க நீலம், நடுவில் ‘சிக்னல் இல்லை’. டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டால், “இது டிஜிட்டல், மேடம், வந்தா முழுசா வரும், இல்லேன்னா வரவே வராது” என்று கன்னடத்தில் எனக்குப் பாடம். பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில், அக்ரஹாரத்து ஓட்டு வீட்டில் எங்களுக்கு ‘ஸ்வல்ப’ என்று ஒன்று இருந்தது, கன்னடத்துக் கொஞ்சம். தமிழ்ப் படத்துக்காக அப்பா கூரையேறி, கொடைக்கானல் டிவி கோபுரம் கிடைக்காதா என்று ஆன்டெனாவைத் தெற்கே நஞ்சன்கூடு பக்கம் துளித்துளியாகத் திருப்ப, காலடியில் ஓடு நொறுங்க, “தெரியறதா?” என்று கத்த, கீழே வெறும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா, அவர் விழுந்து தொலைக்கப்போகிறாரே என்று, “ஸ்வல்ப தெரியறது, இறங்கி வாங்கோ!” என்பாள். இறங்கி வந்து எரிந்து விழுவார். அப்புறம் எல்லோருமாக அந்த இரைச்சலுக்குள் முகம் தேடுவோம், அழுவது கதாநாயகியா அவள் அம்மாவா என்று சண்டை போடுவோம்.

அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள், ஸ்வல்பத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், எண்பது வயது அப்பா நனைந்தபடி பால்கனி ஸ்டூல் மேல் நின்று டிஷ்ஷைத் திருகிக்கொண்டிருக்கிறார். “தெரியறதா?”

நீலத்தைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். “ஸ்வல்ப தெரியறது, இறங்கி வாங்கோப்பா!”