பிச்சையம்மாளின் மூக்கு

மீமிசல் கருவாட்டைக் கறம்பக்குடிச் சந்தையில் விற்றுவந்த பிச்சையம்மாளுக்கு ஒரு மூக்கு இருந்தது. எல்லோருக்கும் இருப்பதுதானே என்று அலட்சியமாகப் பேசக்கூடாது. நாலு பிள்ளைகளின் வரவை முதலில் அறிவித்த மூக்கு அது. சாதாரண நாளில் கருவாடு அவளுக்கு மணக்கும். வயிற்றில் ஒன்று தங்கினால் நாறும். அந்த மாதங்களில் அவள் கூடை கூட்டாளி ராக்காயியின் தலைக்கு மாறும். பிள்ளை மடிக்கு வந்ததும் மணம் திரும்பிவிடும்.

நாலாவது பிரசவம் உயிரையே உலுக்கியதால், 1957இல் டவுன் ஆஸ்பத்திரியில் கருக்குழாய் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மூக்கு கௌரவமாக ஓய்வு பெற்றது.

1961, தை மாதம். கண்டக்டருக்கு ஒரு கை நெத்திலி கொடுத்தால் கூடையும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வரும் பொற்காலம். பாதி வழியில் பிச்சையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னடி, கருவாட்டுக்காரிக்கே நாறுதா? ஒனக்குத்தான் கடையச் சாத்தியாச்சே" என்றாள் ராக்காயி.

"சாத்துன கடைக்குள்ள யாரோ இருக்காக."

அடிவயிற்றின் இடப்பக்கம் சுருக்கென்று குத்தியது. கூடையை ராக்காயியிடம் தள்ளிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்தவர் அன்று ஆபரேஷன் செய்த அதே லேடி டாக்டர்.

"குழாயே இல்லாம எப்படிம்மா கரு தங்கும்? வாயுவா இருக்கும்."

பிச்சையம்மாள் மடியிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து முகர்ந்தாள். மறுகணம் டாக்டரின் மேசை விரிப்பு நாசமாயிற்று.

"நாலுக்கும் இப்பிடித்தாங்க. நாள் தள்ளி அம்பது நாளாச்சு. நான் போயிட்டா நாலு புள்ளைக்கும் ஆத்தா இல்ல, பாத்துக்கங்க."

அவள் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் டாக்டர் கவனித்தார். நாடியைப் பிடித்தவர் அதற்குப்பின் வாயுவின் பெயரை எடுக்கவில்லை. வயிற்றைத் திறந்தால் உள்ளே முழுக்க ரத்தம். குழாயை வெட்டிய இடத்தில், கருப்பையோரம் மிஞ்சிய விரல்நுனித் துண்டில் கரு தங்கி வெடித்திருந்தது. புருஷன் சிவசாமி ரத்தம் கொடுத்தான். கொடுத்துவிட்டு மயங்கி, ஒரு கட்டிலையும் பிடித்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள், "ஏங்க, ஒரு நெத்திலி கொண்டாங்க" என்றாள் அவனிடம்.

நர்சுக்குத் தெரியாமல் வேட்டி மடிப்பில் கடத்தி வந்தான். முகர்ந்து பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"மணக்குதுங்க."

இதற்குமுன் நாலு தடவை இப்படி மணம் திரும்பியபோதெல்லாம் மடியில் ஒன்று காலை உதைத்துக்கொண்டிருந்தது. சிவசாமி நெத்திலியைத் திருப்பி வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.