புதன்கிழமைச் சாயம்

மூக்கைத் துளைத்து நெற்றி வரைக்கும் ஏறுகிற நெடி அது. கிண்ணத்தில் கறுப்புத் தூளைக் கொட்டித் தண்ணீர் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் குழைக்கத் தொடங்கியதுமே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிளம்பும் அந்த நெடி பின்கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்விடும். "வீசிங்" உள்ள அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தெருவில் போய் நின்றுகொள்வாள். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை நைனாவின் நரைமுடிக்கு "டை" போடும் வேலை, ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் தலையில் விழுந்தது.

நைனா என்றால் அப்பா; எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். திருத்தணி பஜாரில் இருந்த ஒரு பெரிய ஜவுளிக் கடையில் அவர் புடவைப் பிரிவில் வேலை பார்த்தார். வெள்ளை விரிப்புப் போட்ட "மெத்தை"யில் உட்கார்ந்து, ஆர்.கே.பேட்டையிலிருந்து வருபவர்களிடம் தமிழும் நகரியிலிருந்து வருபவர்களிடம் தெலுங்குமாகப் பேசிப் பேசி, கல்யாணப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் உதறி விரிக்கும் மூன்றாவது புடவையையே அநேகமாக எடுத்துக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு எடுத்த குடும்பம் தங்கைக்கு எடுக்க வரும்போது, "அந்த நரச்ச தல அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்குள் நுழையும். முப்பத்தைந்து வயதிலேயே அவருக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. ஆனாலும் அதைப் பற்றி அவரோ நாங்களோ ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

முதலாளியின் மருமகன் சென்னையிலிருந்து வந்து கடையை எடுத்துக்கொண்ட பிறகுதான் நினைக்க வேண்டியதாயிற்று. மெத்தை போய்க் கண்ணாடி மேசை வந்தது, ஏசி வந்தது, ஒரே நிறத்தில் சுடிதார் போட்ட பெண்கள் வந்தார்கள். ஒரு நாள் நைனாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அந்த மருமகன் சொன்னாராம்: "கஸ்டமர் முன்னாடி நிக்கறவங்க ஃப்ரெஷ்ஷா இருக்கணும்ங்க. நீங்களே எதனா பாத்துப் பண்ணிக்கங்க." இதை வீட்டில் வந்து சொல்லும்போது நைனா சிரித்தார். ஆனால் அன்று சாப்பிட்டுக் கை கழுவியதும், ஆணியில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போய் வெகு நேரம் பார்த்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கிவர ஆரம்பித்தார். முதலில் மருதாணிப் பொடி. தலை செம்பட்டையாகி, கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அடுத்து ஷாம்பு மாதிரி நுரைக்கிற ஒரு பாக்கெட். அது நான்கு குளியலில் கரைந்து தலையணை உறையில் போய்ச் சேர்ந்துகொண்டது. ட்யூபில் அடைத்த முகக் கிரீம் ஒன்று வந்தது. எவ்வளவு போடுவதென்று தெரியாமல் அப்பி, அதன் மேல் பவுடரும் பூசிக்கொண்டு, சாம்பல் பூத்த முகத்தோடு, "பாப்பா, நல்லாக்குதா?" என்று என்னிடம் கேட்பார். நல்லாயிருக்குது நைனா என்பேன். அம்மா மட்டும், "இந்த வயசுல மாப்பிள்ளையாட்டம் சோடிச்சிக்கினு போறாரு பாரு" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் ஈர முந்தானையால் அவர் காதோரத்துப் பவுடரைத் துடைத்து அனுப்புவாள். கடைசியில் நிலைத்தது கறுப்புத் தூள்தான். அரிக்கும், சொறிவார், ஆனால் இரண்டு வாரம் தாங்கும்.

பழைய பனியனோடு முக்காலியில் அவர் குனிந்து உட்கார, காது நுனிகளில் எண்ணெய் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து நான் பூசுவேன். அந்த நேரத்தில் என்னிடம் கடைக் கதையெல்லாம் சொல்வார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்தில் ரேவதி என் விரல்களைப் பார்க்கும் வரைக்கும். அவள் என் பக்கத்து பெஞ்சு, நெருங்கிய தோழி. நகக் கண்ணில் இருந்த கறுப்பை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்க நைனா டை அடிக்கறாரா? எங்கம்மா கடைல பாத்துட்டு வந்து சொல்லிச்சி, நெத்தியெல்லாம் கரியாக்கீதுன்னு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இல்லை, மைப் பேனா ஒழுகிவிட்டது என்றேன். அன்று முழுவதும் கையை மடக்கியே வைத்திருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்திய புதன்கிழமை அது. காவடி எடுக்க வரும் கூட்டத்தில் பாதி பேர் பஜாருக்குள் இறங்குவார்கள், கடைக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம். நைனா தூளைக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எனுக்கு ஹோம்வொர்க் கீது நைனா. ரேவதி வூட்டுல சேந்து எழுதணும். நெறையா கீது" என்றேன்.

"ஆங், படிப்பு மொதல்ல. நீ போம்மா" என்றார்.

புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் நெடிக்குப் பயந்து தெருவுக்குப் போய்விட, கண்ணாடியைத் துவைக்கிற கல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு அவரே போட்டுக்கொண்டாராம். பண்டிகை முடியும் வரை தாங்கட்டும் என்று ஒன்றுக்கு இரண்டு பாக்கெட்டாகக் கலந்து, வழக்கத்தைவிட நேரமும் ஊறவிட்டிருக்கிறார். விடிந்தபோது அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றி வீங்கி இமைகளை மூடிவிட்டிருந்தது. தலை முழுக்கக் கொப்புளம், காதுக்குப் பின்னால் நீர் வடிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், "இனிமே இது உங்க தலையில படவே கூடாது. அடுத்த தடவ மூச்சே நின்னுடும்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

பண்டிகை நாள் முழுவதும் அவர் வீட்டில் படுத்திருந்தார். தெருவில் பம்பைச் சத்தமும் "அரோகரா"வும் போய்க்கொண்டே இருந்தன. இன்றைக்குக் கூட்டம் அதிகம், இல்லையா பாப்பா என்று கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

புண் ஆறியதும் என்னை அழைத்துக்கொண்டு படியேறி மலைக்குப் போனார். மொட்டை அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து தலையை நனைத்துக்கொண்டபோது, நாவிதர் தழும்புகளைப் பார்த்துக் கையைத் தளர்த்தி, "இன்னா வேண்டுதல்ங்க?" என்று கேட்டார். "எல்லாம் இதுக்குத்தான். நல்லா படிக்கணும்னு" என்று என்னைக் காட்டினார் நைனா. அடியில் வெளுத்தும் நுனியில் கறுத்துமிருந்த முடி ஈரத்தோடு என் காலடியில் விழுந்தது. சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எங்கள் ஊரில் சந்தன மொட்டையோடு நிற்பவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடையிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை துளிர்த்ததும் மறுபடி மொட்டை, அம்மாவின் உடம்பு தேறுவதற்காம். அடுத்தது கடை வியாபாரம் பெருகுவதற்காம். நான்காவது மொட்டையோடு போய் நின்றபோது மருமகன், "இன்னும் எத்தினி வேண்டுதல்ங்க பாக்கி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன் என்றார் நைனா. அடுத்த வாரம் அவரை மாடியில் இருந்த குடோனுக்கு மாற்றினார்கள். வந்து இறங்கும் புடவைகளைப் பிரித்து விலைச் சீட்டு ஒட்டும் வேலை. கீழே பழைய வாடிக்கையாளர்கள் அவரைக் கேட்டபோது, "அவரு நின்னுட்டாருங்க" என்று பதில் சொன்ன குரல் மாடிப்படியில் கேட்குமாம்.

அந்தத் தீபாவளிக்கு முன்னால், "அரிக்காது" என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு டையைச் சேர்த்து வைத்த காசில் வாங்கி வந்து அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தார்.

"வேணாம்மா. மேல யாரு பாக்கப் போறாங்க?"

பதினோரு வருஷம் அந்த மாடியில் இருந்தார். மாடிக்குப் போனதிலிருந்தே முடியை அதன் போக்கில் வளரவிட்டுவிட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தலை சீவிவிட்ட நர்ஸிடம் அந்தத் தழும்புகளின் கதையை வேடிக்கை மாதிரி சொன்னார்: "எம் பொண்ணுதான் எப்பவும் போட்டுவுடும். அன்னிக்கி அதுக்குப் படிப்பு. நானே போட்டுக்கினு பூசணிக்கா மாதிரி ஆயிட்டேன். அப்பவே அப்டி படிக்கும்மா அது." நான் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் வெளியே போய்விட்டேன். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

அந்தக் கடை இப்போது இல்லை. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி, கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். மேலே வரிசையாகச் செல்போன் கடைகள். கல்யாணப் புடவைக்கு ஆர்.கே.பேட்டைக்காரர்கள் நேராகச் சென்னை பஸ் ஏறிவிடுகிறார்கள். என் தோழி ரேவதி எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. நான் அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் ஒரு மாலையில், இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு வீட்டுப்பாடம் எதுவும் இல்லை, டை போட வெட்கப்பட்டுத்தான் போனேன் என்றேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்டி. தூளு கொழைக்கற பிரஷ்ஷ எங்க வெச்சன்னு கேக்க, உன்னத் தேடிக்கினு அவரே ரேவதி வூடு வரிக்கும் வந்தாரு. நீங்க ரெண்டு பேரும் வாசல்ல பாண்டி ஆடிக்கினு இருந்தீங்களாம். கொழந்த ஆடட்டும், கூப்பிடாதன்னு எங்கிட்ட சொல்லிட்டு, வெரலாலயே கலக்கிக்கினாரு."